செலவழித்த கலோரியைத் திரும்ப உண்ணலாமா?

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்து, நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உணவிலும் கட்டுப்பாடு உண்டு. ஒரு நாளைக்கு 1,460 கலோரிக்கு மேல் உண்பதில்லை என்று வரையறை செய்திருக்கிறீர்கள். நடந்து முடித்ததும் மணிக்கட்டில் கட்டியுள்ள கருவியைப் பார்க்கிறீர்கள். 245 கலோரி செலவாகிவிட்டது என்று அது காட்டுகிறது. பசியும் எடுக்கிறது. செலவழித்த அந்த 245 கலோரியை இரவு உணவோடு சேர்த்து உண்ணலாமா, கூடாதா?

உண்ணலாம் என்பார் ஒரு சாரார். வரவிலிருந்து செலவு போனால் மீதி; செலவு கூடினால் வரவும் கூடலாமே என்பது அவர்கள் வாதம். மற்றொரு சாரார், உண்டதைத் திரும்பவும் உண்பதற்கா இத்தனை தூரம் நடந்தோம் என்று கேட்பார்கள். இரண்டு வாதங்களிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. எது யாருக்குப் பொருந்தும் என்பது, அந்த 245 என்ற எண் எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே அந்த எண்ணைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

மெல்ல எரியும் நெருப்பு

உடல் ஓர் அடுப்பு என்பது வெறும் உவமை அன்று. 1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியரும் கணித மேதை லாப்லாசும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்தார்கள். அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகியது என்று எடை போட்டார்கள். அது வெளிவிட்ட கரியமில வாயுவையும் அளந்தார்கள். கரி எரியும்போது வெளிப்படும் வெப்பத்தோடு ஒப்பிட்டு, சுவாசம் என்பதும் மிக மெதுவாக நடைபெறும் ஓர் எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், அமெரிக்காவில் மிடில்டவுன் நகரத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், வில்பர் அட்வாட்டர் என்பவர் மனிதனையே உள்ளே வைத்து அளக்கும் அறையைக் கட்டினார். இயற்பியலறிஞர் எட்வர்டு ரோசா அவருக்குத் துணை நின்றார். செம்புத் தகட்டுச் சுவர் கொண்ட அந்தச் சிறிய அறையில் ஒருவர் நாள் கணக்கில் தங்கி, உண்டு, உறங்கி, நகராத மிதிவண்டியை மிதித்தும் காட்டுவார். உள்ளே போகும் உணவு, வெளியே வரும் கழிவு, மூச்சுக்காற்று, வெப்பம் எல்லாம் அளக்கப்பட்டன. உணவு வழியாக வந்த ஆற்றலும் உடல் செலவிட்ட ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி என்று இன்று நாம் சொல்லும் எண்கள் அட்வாட்டரின் உழைப்பில் பிறந்தவையே.

ஒரு சொல் விளக்கம் இங்கே தேவை. உணவைப் பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்று குறிப்பிடுவது உண்மையில் கிலோ கலோரி ஆகும். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் அது. கட்டுரை முழுதும் அந்தப் பொருளிலேயே இச்சொல்லைக் கையாளுகிறோம்.

வரவு செலவுக் கணக்கு உடலுக்கும் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஐயமெல்லாம், செலவுப் பக்கத்தில் நாம் எழுதும் எண் சரியானதுதானா என்பதில்தான்.

சும்மா இருந்தாலும் செலவு

நம் கணக்குக்கு 70 கிலோ எடையும் 155 செண்டிமீட்டர் உயரமும் உள்ள 35 வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதலில் சொன்ன எண்கள் இவருக்கு உரியவையே.

இவர் நாள் முழுதும் படுத்தே கிடந்தாலும் இதயம் துடிக்க வேண்டும்; மூச்சு வாங்க வேண்டும்; மூளையும் கல்லீரலும் சிறுநீரகங்களும் வேலை செய்ய வேண்டும். 1990இல் வெளியிடப்பட்ட மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சமன்பாட்டின்படி, இந்த ஓய்வுநிலைச் செலவு இவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,330 கலோரி. வீட்டு வேலை, உட்கார்ந்து செய்யும் அலுவலக வேலை ஆகியவற்றையும் சேர்க்க இதை 1.4 ஆல் பெருக்கலாம். 1,860 கலோரி கிடைக்கிறது. அதில் 400ஐக் குறைத்து 1,460 கலோரி உண்பது என்று அவர் தீர்மானித்திருக்கிறார். பற்றாக்குறை 400 கலோரியை உடல் தன் சேமிப்பான கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இதுதான் எடைக் குறைப்பின் அடிப்படை.

இனி நடைக்கு வருவோம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் நடக்கும் ஒருவர், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 மில்லிலிட்டர் பிராணவாயுவைப் பயன்படுத்துகிறார். ஒரு லிட்டர் பிராணவாயு பயன்பட்டால் சுமார் 5 கலோரி வெளிப்படும். 70 கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 245 முதல் 250 வரை வரும். அப்படியானால் கருவி சொன்னது சரிதானே?

எண் சரி, அதற்கு நாம் கொள்ளும் பொருள்தான் தவறு. நடக்காமல் அந்த ஒரு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் அந்தப் பெண்மணி கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் பிராணவாயுவைப் பயன்படுத்தியிருப்பார். அதாவது 70 கலோரிக்குச் சற்று மேல் எப்படியும் செலவாகியிருக்கும். அந்த 70 ஏற்கெனவே 1,860 என்ற கணக்கில் சேர்ந்திருக்கிறது. நடையால் புதிதாக நேர்ந்த செலவு 245 அன்று, சுமார் 175தான். வாடகை வீட்டில் இருப்பவர், ஊருக்குப் போன நாளின் செலவு என்று பயணச் சீட்டோடு அன்றைய வீட்டு வாடகையையும் சேர்த்து எழுதினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இதுவும்.

நடைக்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு. மிதமான வேகத்தில் சமதரையில் நடந்தால், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு, கிலோமீட்டர் ஒன்றுக்கு, புதிதாக நேரும் செலவு சுமார் அரை கலோரி. ஓடினால் அது ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது ஒரு கலோரி. 70 கிலோ, 5 கிலோமீட்டர், அரை கலோரி: 175. கருவி எதுவும் இல்லாமலே விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொரு பிழையும் அடிக்கடி நேர்கிறது. சிலர் தம் அன்றாடச் செலவைக் கணக்கிடும்போதே, தாம் தவறாமல் உடற்பயிற்சி செய்பவர் என்று கூறி, 1.4க்குப் பதில் 1.6 ஆல் பெருக்கிக்கொள்கிறார்கள். நம் பெண்மணி அப்படிச் செய்தால் 1,860 என்பது 2,130 ஆகிவிடும். நடைக்கான செலவு அதிலேயே அடங்கிவிட்டது. அதற்குப் பின்னரும் கருவி காட்டும் 245ஐச் சேர்த்து உண்டால், ஒரே செலவை இரண்டு முறை எழுதியதாகும். முதற்கணக்கில் பயிற்சியைச் சேர்த்தவர் பிறகு அதைத் தனியே சேர்க்கவே கூடாது. இந்த ஒன்றைக் கவனித்தாலே பலருடைய குழப்பம் தீர்ந்துவிடும்.

மணிக்கட்டில் உள்ள கணக்குப்பிள்ளை

இதுவரை, கருவி சரியாகவே அளக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசினோம். உண்மையில் அது பிராணவாயுவை அளப்பதில்லை. நாடித்துடிப்பையும் கையசைவையும் அளந்து, அதிலிருந்து ஊகிக்கிறது. நாடித்துடிப்போ உழைப்பால் மட்டும் கூடுவதன்று. வெயில், காப்பி, மனக்கலக்கம் ஆகியவற்றாலும் கூடும்.

2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் மணிக்கட்டில் கட்டும் ஏழு வகைக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். நாடித்துடிப்பை ஆறு கருவிகள் நன்றாகவே அளந்தன. பிழை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் கலோரிச் செலவில் மிக நல்ல கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு பிழை செய்தது. மிக மோசமான கருவியின் பிழை 93 விழுக்காடு! அதன் பிறகு கருவிகள் திருந்தியிருக்கலாம். ஆயினும் ஊகம் ஊகமே. கடைசி இலக்கம் வரை துல்லியமாகக் காட்டப்படும் எண்ணைக் கண்டால் நமக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. '247' என்பதற்குப் பதில் '150லிருந்து 300க்குள்' என்று அது காட்டுமானால் நாம் இன்னும் எச்சரிக்கையாக இருப்போம்.

ஹாட்சா மக்கள் தந்த வியப்பு

நடையால் 175 கலோரி கூடுதலாகச் செலவாயிற்று என்றால், அன்றைய மொத்தச் செலவும் 175 கூடியிருக்க வேண்டும் அல்லவா? இயல்பாக அப்படித்தான் நினைப்போம். ஆனால் அன்றாடம் வாழ்ந்துகொண்டிருக்கும் மனிதனின் மொத்தச் செலவை அறைக்குள் அடைக்காமல் எப்படி அளப்பது?

அதற்கு அழகானதொரு வழி இருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நேதன் லிஃப்சன் என்பவர் கண்டது. சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜனும், சாதாரண ஆக்சிஜனுக்குப் பதில் ஆக்சிஜன்-18 என்ற ஐசோடோப்பும் கலந்த தண்ணீரைக் குடிக்கச் செய்ய வேண்டும். இரண்டும் கதிர்வீச்சு இல்லாதவை; தீங்கற்றவை. ஹைட்ரஜன் உடலை விட்டு நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். ஆகவே ஆக்சிஜன்-18 சற்று விரைவாகக் குறையும். இரண்டும் குறையும் வேகத்தின் வேறுபாட்டைச் சிறுநீரில் அளந்தால், ஒன்றிரண்டு வாரங்களில் வெளிவந்த கரியமில வாயுவின் அளவு தெரிந்துவிடும். அதிலிருந்து எரிந்த கலோரியைக் கணக்கிடலாம். 1950களில் எலிகளிடம் பயன்பட்ட இம்முறை, ஆக்சிஜன்-18இன் விலை காரணமாக மனிதரிடம் வருவதற்கு 1982 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆப்பிரிக்காவில் டான்சானியா நாட்டின் வடபகுதியில் ஹாட்சா என்ற மக்கள் வாழ்கிறார்கள். வேட்டையாடியும், கிழங்கு அகழ்ந்தும், தேன் எடுத்தும் பிழைப்பவர்கள். நாள்தோறும் பல கிலோமீட்டர் நடப்பவர்கள். ஹெர்மன் பான்ட்சர் என்ற மானுடவியல் அறிஞரும் குழுவினரும் இவர்களில் 30 பேருக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்து அளந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். உடலளவுக்கு ஏற்றபடி ஒப்பிட்டுப் பார்த்தால், ஹாட்சா மக்களின் ஒரு நாள் செலவும், நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் மேலைநாட்டாரின் செலவும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன!

இயற்பியல் விதி பொய்த்துவிடவில்லை. நடக்கும்போது அவர்களுக்கும் கலோரி செலவாகத்தான் செய்கிறது. ஆனால் உடல் வேறு எங்கோ சிக்கனம் பிடிக்கிறது. நன்றாக நடந்துவிட்டு வந்த நாளில் நீங்களே கவனியுங்கள். தண்ணீர் எடுக்க எழுந்து போகாமல் பக்கத்தில் இருப்பவரை அழைப்பீர்கள், மாடிக்கு ஒரு முறை ஏறும் இடத்தில் பேசாமல் இருந்துவிடுவீர்கள். இத்தகைய சிறு அசைவுகள் குறைவது ஒரு காரணம். உடலின் உள் வேலைகளிலும் சிக்கனம் நிகழ்கிறது என்று பான்ட்சர் கருதுகிறார். அது எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது.

2021இல், முன்பே அளக்கப்பட்ட 1,754 பேரின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தபோது, உழைப்பால் கூடும் ஒவ்வொரு 100 கலோரியிலும் சராசரியாக 28ஐ உடல் வேறு வகையில் மிச்சம் பிடித்துவிடுவதாகக் கண்டார்கள். எஞ்சுவது 72. உடலில் கொழுப்பு மிகுந்தவர்களிடம் இந்த மிச்சம் இன்னும் கூடுதல். சராசரி என்பதால் இந்த எண்ணை ஒரு தனி ஆளின் ஒரு நாள் நடைக்கு அப்படியே பொருத்துவது சரியன்று. இருந்தாலும் தோராயமாகப் பார்க்க உதவும்: 175இல் 72 விழுக்காடு ஏறக்குறைய 125. கருவி காட்டிய 245இல் பாதிதான் உண்மையில் தேறுகிறது.

இப்போது நம் பெண்மணி 245 கலோரியையும் திரும்ப உண்டால் என்ன ஆகும்? 400 ஆக இருந்த பற்றாக்குறை 280 ஆகிவிடும். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். இரண்டு மாதத்தில் 3 கிலோவுக்குச் சற்று மேல் குறைய வேண்டியவருக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல்தான் குறையும். ஒன்றுமே திரும்ப உண்ணாமல் இருந்தால் பற்றாக்குறை 525 ஆகி, 4 கிலோ வரை குறையும். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும் என்பதால் உண்மையில் இவை மூன்றும் இன்னும் சற்றுக் குறைவாகவே இருக்கும். நடக்காமலே இருந்தவரைவிட, நடந்துவிட்டு 'நடந்ததற்கு ஈடாக' உண்டவருக்குக் குறைவாக இளைக்கிறது என்பதே இங்கு வேடிக்கை.

அவர் திரும்ப உண்பது 245 கலோரிதானா என்பதும் ஐயமே. நடைப்பயிற்சி முடிந்ததும் பூங்கா வாசலில் நண்பர்களோடு கூடிப் பேசுவது நல்ல வழக்கம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நடுத்தர அளவுள்ள உளுந்து வடை ஒன்று 100லிருந்து 150 கலோரி வரை இருக்கும். பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்ந்த காப்பி 100. இரண்டு வடை, ஒரு காப்பி என்றால் நடை முழுதும் போய், அதற்கு மேலும் கடன் விழுந்துவிடும். சமையலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினால் 120 கலோரி. அதை நாக்கு அறியாது.

நாம் உண்பதை நாமே குறைத்துச் சொல்வது மனித இயல்பு. 1992இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. 1,200 கலோரிக்குக் குறைவாகவே உண்கிறோம், ஆனாலும் எடை குறையவில்லை என்று கூறியவர்களை, மேற்சொன்ன இரட்டை ஐசோடோப்புத் தண்ணீர் முறையில் சோதித்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறையேதும் இல்லை. சுமார் 1,000 கலோரி உண்டதாக எழுதியவர்கள் உண்மையில் 2,000 உண்டிருந்தார்கள். செய்த உடற்பயிற்சியையோ 51 விழுக்காடு கூட்டிச் சொல்லியிருந்தார்கள். இவர்கள் பொய்யர்கள் அல்லர். ஒரு பிடி முறுக்கை உணவாக யாரும் எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

சணல் ஆலைத் தொழிலாளர்கள்

அப்படியானால், எடை குறைக்க நடையே வேண்டாமே என்று தோன்றலாம். அது பெரும் பிழையாகும். 1956இல் ழான் மேயர் என்பவர் இந்திய அறிஞர்கள் இருவருடன் சேர்ந்து, மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றைச் சார்ந்த 213 ஆண்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதற்கு விடை கூறும். நாள் முழுதும் உட்கார்ந்தே இருக்கும் கடைக்காரர்கள், எழுத்தர்கள் முதல், நிலக்கரி அள்ளுவோர், மூட்டை சுமப்போர் வரை எல்லா வகையினரும் அதில் இருந்தனர். இலேசான வேலை முதல் கடும் உழைப்பு வரை, உழைப்பு ஏற ஏற உண்ணும் அளவும் ஏறியது, எடை ஏறவில்லை. உடல் தன் செலவுக்கு ஏற்பத் தானே பசியை அமைத்துக்கொண்டது. ஆனால் உட்கார்ந்தே இருந்தவர்கள் குறைவாக உண்ணவில்லை. இலேசான வேலை செய்தவர்களைவிடக் கூடுதலாக உண்டார்கள், பருமனாகவும் இருந்தார்கள். அசைவே இல்லாத உடலில் பசி என்னும் தராசு சரியாக வேலை செய்வதில்லை என்று மேயர் கருதினார். ஓரளவாவது நடப்பது அந்தத் தராசைச் சரிசெய்து வைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. உணவை மட்டும் குறைத்து இளைப்பவர்களுக்குக் குறையும் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு கொழுப்பல்லாத பகுதியாக இருக்கிறது. அதில் தசையும் சேரும். உடற்பயிற்சி, குறிப்பாகப் பளு தூக்குதல் போன்றவை, அந்த இழப்பைக் குறைக்கின்றன. கலோரிக் கணக்கில் பளு தூக்குவது அற்பம்தான். ஆனால் தசை காக்கப்படுவதை எந்தக் கருவியும் காட்டுவதில்லை.

உண்ணாவிட்டால் கெடும் இடம்

இதுவரை படித்துவிட்டு, திரும்ப உண்ணவே கூடாது என்று யாரேனும் முடிவு கட்டினால் அது ஆபத்தில் முடியலாம். கட்டுரையின் இந்தப் பகுதியைத்தான், வளரும் வயதில் உள்ள மாணவ மாணவியர் ஊன்றிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பட்டினியால் வாடும் ஐரோப்பிய மக்களுக்கு எப்படி உணவளிப்பது என்று அறிவதற்காக, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போரில் பங்குகொள்ள மனச்சான்று இடம் தராத 36 இளைஞர்கள் தாமே முன்வந்து உட்பட்டார்கள். 24 வாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி உணவு. அதோடு வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். அவர்களின் எடை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. நாடித்துடிப்பு மெதுவாயிற்று, எப்போதும் குளிரெடுத்தது, மனம் சோர்ந்து, உணவைத் தவிர வேறெதிலும் நாட்டமற்றுப் போனார்கள். ஓய்வுநிலைச் செலவு சுமார் 40 விழுக்காடு சரிந்தது. வரவு மிகக் குறைந்தால் உடல் ஒவ்வொரு விளக்காக அணைத்து வைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை இல்லை. 1,570 என்ற எண்ணை மறுமுறையும் பாருங்கள். எடை குறைக்க விரும்பும் பலர் இதைவிடக் குறைவாக உண்ணத் துணிகிறார்கள்.

இன்று விளையாட்டு மருத்துவர்கள் வேறு ஒரு கணக்கைப் பார்க்கிறார்கள். உண்ட கலோரியிலிருந்து பயிற்சிக்குப் போனதைக் கழித்து, மீதியைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். உடலின் மற்ற எல்லா வேலைகளுக்கும் மிஞ்சியது எவ்வளவு என்பதை இது காட்டும். 2003இல் இளம்பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், இது கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனபோது, மாதவிடாயை நடத்தும் ஹார்மோனின் சுரப்பு ஐந்தே நாட்களில் தடுமாறத் தொடங்கியது. 30 என்பது எல்லோருக்கும் பொருந்தும் கோடு அன்று என்று பின்னர் வந்தவர்கள் கூறுகிறார்கள். எனினும் எச்சரிக்கை மணியாகக் கொள்ளலாம்.

55 கிலோ எடையுள்ள கல்லூரி மாணவி ஒருத்தி நாளொன்றுக்கு 11 கிலோமீட்டர் ஓடுகிறாள் என்க. கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு ஒரு கலோரி. ஏறத்தாழ 600 கலோரி போயிற்று. உண்பது 1,500. மீதி 900. உடலில் கால் பங்கு கொழுப்பு என்றால் கொழுப்பு நீங்கிய எடை 41 கிலோ. 900ஐ 41ஆல் வகுத்தால் 22. மணி அடித்துவிட்டது! இவள் ஓட்டத்தையும் விடாமல் 30ஐத் தொட வேண்டுமானால் மேலும் 330 கலோரியாவது உண்டே தீர வேண்டும். இல்லையேல் மாதவிடாய் தாறுமாறாகும்; நின்றே போகலாம். ஈஸ்ட்ரோஜென் குறைந்து எலும்பு வலுவிழக்கும். ஓடும் காலிலேயே நுண்ணிய முறிவுகள் தோன்றும். எலும்பில் சேமிப்பு ஏறும் வயது இது; இப்போது இழந்ததைப் பின்னால் முழுதும் ஈட்டுவது கடினம். ஆண்களுக்கும் இதே வகையில் ஹார்மோன் குறைவு நேர்வதுண்டு. 2014இல் உலக ஒலிம்பிக் குழுவே இதைத் தனியொரு குறைபாடாக அறிவித்து, பயிற்சியாளர்களை எச்சரித்தது.

ஆக, கேள்விக்கு ஒரே விடை இல்லை. நாள்தோறும் முக்கால் மணியோ ஒரு மணியோ நடப்பவர், முன்பே அளவான பற்றாக்குறை வைத்திருந்தால், எதையும் திரும்ப உண்ண வேண்டியதில்லை. பசி பொறுக்கவில்லை என்றால் ஒரு கோப்பை மோரும் ஒரு கிண்ணம் சுண்டலும் போதும். சுண்டலில் உள்ள புரதமும் நாரும் பசியை நெடுநேரம் தாங்கும். நீண்ட தூரம் ஓடுபவர், மணிக்கணக்கில் மிதிவண்டி மிதிப்பவர், பந்தயத்துக்குப் பயிற்சி பெறுபவர், வயலிலோ கட்டட வேலையிலோ உழைப்பவர் ஆகியோர் ஒரு பகுதியைத் திரும்ப உண்டே ஆக வேண்டும். கருவி காட்டுவதில் பாதி என்று தொடங்குவது பொருத்தமாகப் படுகிறது. இது விதியன்று, தொடக்கம்தான். வளரும் பிள்ளைகள், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் இக்கணக்கில் இறங்கவே வேண்டாம்.

அந்தத் தொடக்கம் சரிதானா என்பதை எடை பார்க்கும் கருவியிடம் கேளுங்கள். ஆனால் நடந்து வந்தவுடன் ஏறி நிற்காதீர்கள். அப்போது குறைந்திருப்பது வியர்வை. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்தபின், வாரத்தில் மூன்று நான்கு நாள் எடை பார்த்துச் சராசரி எடுங்கள். நான்கு வாரம் அப்படிச் செய்யுங்கள். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி உடலில் நீர் தேங்குவதால் நான்கு வாரத்துக்குக் குறைந்த கணக்கு ஏமாற்றும். சராசரி வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை இறங்கினால் உங்கள் கணக்கு சரி. இறங்கவில்லையானால் திரும்ப உண்பதைக் குறையுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் வாரந்தோறும் இறங்கி, களைப்பும் தூக்கமின்மையும் எரிச்சலும் சேர்ந்து வந்தால், அல்லது மாதவிடாய் தவறினால், உணவைக் கூட்டுங்கள்; மருத்துவரையும் பாருங்கள்.

நீரிழிவுக்காக இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்கச் செய்யும் சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன எதுவும் முதற்கணக்கன்று. நடையின்போதும், நடந்து பல மணி நேரம் கழித்தும் அவர்களின் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் கண்டால் கலோரியை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட வேண்டும். நடைக்கு முன் எவ்வளவு உண்பது, மருந்தின் அளவை மாற்றுவதா என்பதையெல்லாம், நடையைத் தொடங்கும் முன்பே தம் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.